கவட்டையில் வண்டி நிற்காது

பதினான்கு வருஷம் நகர ரயில் ஓட்டிய பிறகு, தான் ஓட்டுவது என்னவென்றே தனக்குத் தெரியாது என்று மெத்தைக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டது.

மெத்தை என்பது சக ஓட்டுநர்கள் வைத்த பெயர். அவள் பிரேக் பிடித்தால் நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் தேநீர் தளும்பாது. வண்டி நின்றுவிட்டது என்பதே கதவு திறந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு நிர்வாகம் வைத்த தேர்வில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். கேள்வி ஒன்றுதான். 'நீங்கள் ஓட்டுவது என்ன?' என்று கேட்டு, பதிலுக்கு இரண்டு பக்கம் இடம் விட்டிருந்தார்கள். மெத்தை 'ரயில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பணிக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடினாள்.

அந்தத் தேர்வு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நகர ரயில் நிர்வாகத்தில் 'வரையறைப் பிரிவு' என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அதற்கு ஓர் இயக்குநர், கீழே நாற்பது பேர், தலைமையகத்தின் நான்காவது மாடி முழுவதும். இயக்குநர் ரயில் ஏறியதில்லை. ஏறினால் தன்னுடைய நடுநிலைமை கெட்டுவிடும் என்று அவரே ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர்கள் அவருக்கு அகராதி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஊரில் வழங்குகிற இரண்டு அர்த்தமும் அவருக்குப் பொருந்தியது. அவர் முதல் அர்த்தத்தை மட்டும் கேள்விப்பட்டு, உள்ளூரச் சந்தோஷப்பட்டார்.

அகராதி வருவதற்கு முன்னால் எல்லாம் எளிமையாக இருந்தது. நகரத்தின் மேற்குக் கோடியிலிருந்து தண்டவாளம் கிழக்கே வரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று துறைமுகத்துக்கு, மற்றது மைதானத்துக்கு. பிரிகிற இடத்தில் ஒரு நிலையம். பலகையில் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தாலும் எல்லாரும் அதைக் கவட்டை என்றுதான் சொன்னார்கள். துறைமுகத்துக்குப் போகிறது துறைமுக வண்டி, மைதானத்துக்குப் போகிறது மைதான வண்டி. இரண்டும் கவட்டையில் நிற்கும். இதில் குழம்பியவர் என்று யாரும் இல்லை.

அதுதான் பிரச்சினை என்று அகராதி கருதினார். தேர்வுக்கு முன்னால் நடந்த இரண்டு நாள் வகுப்பில் மேடையேறி இப்படிப் பேசினார்:

"இருபத்தாறு வருடங்களாக இந்த நகரத்து மக்கள், தாங்கள் எதில் போகிறோம் என்று தெரியாமலேயே வேலைக்குப் போய், தெரியாமலேயே வீடு திரும்பியிருக்கிறார்கள். இதுவரை ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. அறியாமை அந்த அளவுக்கு வேரோடியிருக்கிறது."

பிறகு நூற்று நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். அதன்படி, தடம் என்பது தனக்கென ஒரு நிறம் உடையது. வழி என்பது வண்டி நின்று நின்று செல்லும் இடங்களின் வரிசை. கிளை என்பது தடத்திலிருந்து பிரிந்து சென்று திரும்பி வராதது.

மெத்தை கையைத் தூக்கினாள். "சார், எல்லா வண்டியும் திரும்பி வருதே. வரலைன்னா மறுநாள் காலைல ஓட்டுறதுக்கு வண்டி இருக்காதே."

"வண்டி திரும்பி வரும்," என்றார் அகராதி பொறுமையாக. "கிளை திரும்பி வராது."

மெத்தை அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் கடிகாரம் என்று பெயர் எடுத்தவர் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர்களிலேயே மூத்தவர். பணிக்காலத்தில் ஒரு நிமிஷம் தாமதமாகப் போனதில்லை, ஒரு அதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை. அவரே எழுந்து கேட்டார்.

"துறைமுகம், மைதானம் ரெண்டுல எது சார் கிளை?"

"நேராகப் போவது தடம். வளைவது கிளை."

"ரெண்டும் வளையுதுங்க. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்."

"குறைவாக வளைவது தடம்."

"ரெண்டும் ஒரே அளவுதான் சார் வளையுது. பாதை போட்டவங்க பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காங்க."

அகராதி புத்தகத்தை மூடினார். பாதை போட்டவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்களா என்று உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியது.

இந்தச் சிக்கலோடு இன்னொன்றும் சேர்ந்தது. புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், ஒரு நிலையம் ஒன்று தடத்தில் இருக்க வேண்டும், அல்லது கிளையில் இருக்க வேண்டும், இரண்டிலும் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. கவட்டையிலோ தண்டவாளம் பிரிவதே நடைமேடையின் நடுவில். பிரிகிற இரண்டையும் கிளை என்றே வைத்துக்கொண்டாலும், மேற்குப் பாதி தடத்தில் இருந்தது, கிழக்குப் பாதி கிளையில் இருந்தது. ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்துவிட்டது. முடிவு எட்டப்படும் வரை கவட்டை நிலையம் அல்ல, வெறும் இடம். ஊழியர்கள் பேச்சிலும் எழுத்திலும் அதை இடம் என்றே குறிப்பிட வேண்டும். இடத்தில் வண்டி நிற்காது.

இதில் எல்லாரையும்விட அதிகமாக மாட்டிக்கொண்டது மெத்தையின் நாத்தனார்தான்.

நாத்தனார் மெத்தையின் கணவனுக்கு அக்கா. கணவனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, கொதிக்கிற தொட்டியில் போட்டு எடுக்க வேண்டும். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. காலை ஏழு மணிக்குக் கூடத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு அவள் பிடிப்பது ஆறு இருபது வண்டி. அதை ஓட்டுவது மெத்தை.

சுற்றறிக்கை அமலுக்கு வந்த முதல் நாள், கவட்டை நெருங்கும்போது பெட்டிகளில் புதிய அறிவிப்பு ஒலித்தது. "அடுத்து வருவது ஓர் இடம். பயணிகள் இறங்க முயல வேண்டாம்." மெத்தை வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினாள். நடைமேடையில் ஐம்பது அறுபது பேர் கையில் பயணச்சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் பிரிவுக்கு இன்னும் சுற்றறிக்கை போகவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வண்டி நிற்காமல் போனதைப் பார்த்துச் சாளரத்தில் போய்க் கேட்டவர்களிடம், சீட்டு எழுதுகிறவர், "ரயிலைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாதுங்க. சீட்டு வேணுமா, சொல்லுங்க," என்றாராம்.

அன்று மாலை நாத்தனார் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் தைலத்தைத் தேய்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"எல்லாரும் ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க, சொந்தக்காரங்க கைவிட்டுட்டாங்கன்னு. என் தம்பி பொண்டாட்டி அப்படியா. வீட்டுப் பக்கத்துலயே என்னை ஏத்திக்கிறா. என் வேலை வாசலைக் கண்ணாலே காட்டுறா. அப்புறம் அதைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் கொண்டுபோய் விடுறா."

"அண்ணி, நான் என்ன பண்றது. நிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உத்தரவு போட்டவன் முட்டியா வலிக்குது? அங்கேர்ந்து நடந்து திரும்பி வர்ற வழியில மேம்பாலத்துப் படி எத்தனைன்னு தெரியுமா உனக்கு? அறுபத்தெட்டு. ஏறுறதுக்கு அறுபத்தெட்டு, இறங்குறதுக்கு அறுபத்தெட்டு."

பூட்டு சாவிக் கடை வைத்திருந்த கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் பல வருஷம் இருந்து பழகிய பத்திரமான மௌனம் அது.

வார விடுமுறையில் நாத்தனார் புகார் கொடுக்கப் போனாள். படிவத்தில் முதல் கேள்வியே, 'தங்கள் புகார் தடம் பற்றியதா, வழி பற்றியதா, கிளை பற்றியதா? ஒன்றை மட்டும் குறியிடவும்' என்று இருந்தது. அவள் மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'முட்டி பற்றியது' என்று எழுதினாள். சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "எந்த நிலையத்துல இறங்க முடியலை?" என்று கேட்டிருக்கிறார்.

"கவட்டை."

"அப்படி ஒரு நிலையம் இல்லையேம்மா. இல்லாத நிலையத்துல நீங்க இறங்காம போனதை நான் எப்படிப் பதிவு பண்ண முடியும்? எல்லாருந்தான் அங்க இறங்கலை."

இந்தப் பதிலை நாத்தனார் வீட்டில் நடித்துக் காட்டினாள். மெத்தைக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கவட்டையை அளந்து முடிவு செய்யக் குழு வந்தது. ரயில் அங்கே நிற்காது என்பதால் ஜீப்பில் வந்தார்கள். ஓட்டுநர் சார்பில் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்று மெத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். அகராதியின் உதவியாளர் ஒருவர் எப்போதும் இடுப்பில் அளவுநாடாவோடு திரிவார். பெயரும் டேப்பு என்றே ஆகிவிட்டது. டேப்பு நாடாவின் ஒரு முனையை மெத்தையின் கையில் கொடுத்து, நடைமேடையின் கோடியில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மறுமுனையைத் தண்டவாளம் பிரியும் நுனியில் வைத்தார். நடைமேடையின் நடுப்புள்ளி அந்த நுனிக்கு இந்தப் பக்கம் விழுந்தால் நிலையம் தடத்துக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் கிளைக்கு. இதுதான் ஏற்பாடு.

காலை எட்டு மணிக்கு அளந்தபோது இரண்டு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் விழுந்தது. கவட்டை தடத்தைச் சேர்ந்தது என்று அகராதி குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டார். மெத்தைக்கு மனது லேசானது. ஒருமுறைக்கு இருமுறை அளப்பது முறை என்பதால் பகல் ஒரு மணிக்கு மறுபடி அளந்தார்கள். வெயில் ஏறி இரும்பு நீண்டிருந்தது. இப்போது இரண்டு மில்லிமீட்டர் அந்தப் பக்கம்.

அகராதி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "காலையில் தடம். மதியம் கிளை," என்றார். அவர் குரலில் ஒரு கிளர்ச்சி இருந்தது. "இப்படி ஒரு நேர்வு வேறெங்கும் பதிவாகியிருக்காது. நான்கு பருவத்துக்கும் தகவல் தேவை. ஓராண்டு அளப்போம்."

"சார்," என்றாள் மெத்தை, நாடாவின் முனையை இன்னும் விடாமல். "அப்படின்னா காலைல தடத்து வண்டி நிக்கட்டும். மத்தியானம் கிளை வண்டி நிக்கட்டும். ரெண்டும் ஒரே வண்டிதானே."

அகராதி அவளை, விருந்தில் கையை மேஜைவிரிப்பில் துடைத்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்கள் நடைமுறையாகப் பேசுகிறீர்கள்," என்றார். "அது இந்தக் குழுவின் வேலை அல்ல."

இரண்டாவது முறை அளந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் நான்கு வண்டிகள் நிற்காமல் கடந்துபோயின. ஒவ்வொன்று வரும்போதும், நடைமேடையில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று, போனதும் உட்கார்ந்தார்கள். டயாலிசிஸ் முடித்து வந்த ஒருவரும் முதலில் எழுந்து நின்றார். இரண்டாவது வண்டியோடு அவர் எழுவதை விட்டுவிட்டார்.

அதற்கடுத்த வாரம், மழை பெய்த ஒரு காலையில், நாத்தனார் மேம்பாலத்தில் வழுக்கி விழுந்தாள். பதினோரு படி. வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் கணுக்கால் பூசணிபோல வீங்கிவிட்டது. படுக்கையில் படுத்துக்கொண்டு, விரிப்பின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, "இதை ஒழுங்காக் கொதிக்க வைக்கலை," என்று நர்ஸிடம் குறை சொன்னதாகக் கணவன் வந்து சொன்னான்.

ஆறாம் நாள் காலையில், காலில் கட்டோடு நாத்தனார் மறுபடி ஆறு இருபது வண்டியில் ஏறினாள். ஏறும்போது முன்னால் ஓட்டுநர் அறையில் இருந்த மெத்தையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் மெத்தை அன்றும் வழக்கம்போலக் கவட்டையைத் தாண்டிப் போயிருப்பாள். நாத்தனார் பேசாமல் இருந்ததை அந்த வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

வண்டி கவட்டையை நெருங்கியது. "அடுத்து வருவது ஓர் இடம்," என்று அறிவிப்பு ஆரம்பித்தது. மெத்தை கைப்பிடியை மெல்லப் பின்னால் இழுத்தாள். அவள் மனதில் அப்போது பெரிய கொள்கை எதுவும் இல்லை. நூறு அடி, எழுபது அடி, முப்பது அடி என்று பதினான்கு வருஷமாகக் கை கற்றுவைத்திருந்த கணக்கு மட்டும் ஓடியது. முதல் கதவு மஞ்சள் கோட்டுக்கு நேரே வந்து நின்றது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தாள்.

யாரும் இறங்கவில்லை. இறங்க முயல வேண்டாம் என்று பெட்டிக்குள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்த கதவைப் பயணிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் மெத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது பெட்டியிலிருந்து முதலில் ஒரு கட்டுப்போட்ட கால் வெளியே வந்தது. அப்புறம் அதற்குச் சொந்தக்காரி. அவளுக்குப் பின்னால், மூட்டை அவிழ்ந்து கொட்டியதுபோல ஜனம் இறங்கியது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒயர்லெஸ் கூப்பிட்டது. "எதுக்கு நின்னீங்க?"

"ஆளுங்க இறங்குறாங்க."

"எங்க?"

"கவட்டைல."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்படி ஒரு நிலையம் பட்டியல்ல இல்லையே."

"இருக்கு சார். நான் அதுலதான் நிக்கிறேன்."

அன்று அவள் போக வர நான்கு முறை அங்கே நின்றாள்.

மறுநாள் நான்காவது மாடியில் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அகராதியும் டேப்பும், ஓரத்தில் ஒரு தட்டச்சுக்காரி. குற்றப்பத்திரிகையை மெத்தையின் பக்கம் தள்ளினார்கள். 'மேற்படி ஓட்டுநர், (கோடு போட்ட காலி இடம்) என்னுமிடத்தில் வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, பயணிகள் இறங்கக்கூடிய சூழலை உருவாக்கினார்' என்று இருந்தது.

"கையெழுத்துப் போடுங்கள்," என்றார் அகராதி.

மெத்தை இரண்டு முறை படித்தாள். "இங்க ஒரு கோடு காலியா இருக்கே சார்."

"அது இருக்கட்டும்."

"எங்க நிறுத்தினேன்னு எழுதுங்க. போடுறேன்."

அகராதி டேப்பைப் பார்த்தார். டேப்பு, "இடம்னு போட்டுடலாமா சார்?" என்றார்.

"எந்த இடம்?" என்றாள் மெத்தை. "ஊர் பூரா இடந்தானே."

"பதினோராவது கிலோமீட்டர் என்று எழுதுங்கள்," என்றார் அகராதி. எழுதப்போன டேப்பு பேனாவை நிறுத்தினார். "எதுல சார் பதினோராவது? தடத்துல பதினொண்ணுன்னு எழுதினா அது தடத்துல இருக்குன்னு ஆயிடும். கிளைன்னா அது கிளையோட பூஜ்யமாவது கிலோமீட்டர். நம்ம முடிவுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு."

மெத்தை தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒன்பதாம் பக்கத்தில் பஸ் சீட்டு ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள்.

"சார், வண்டி நின்னு நின்னு போற இடங்களோட வரிசைதான் வழின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. வண்டி நின்னுச்சு. அப்ப அது வழியில இருக்கு."

"நிற்க வேண்டிய இடங்கள் என்று பொருள் கொள்ள வேண்டும்."

"எங்க நிக்கணும்னு எது சொல்லும்?"

"வழி சொல்லும்."

"வழின்னா என்ன சார்?"

"வண்டி நின்று நின்று..." என்று ஆரம்பித்த அகராதி அங்கேயே நின்றுவிட்டார். தட்டச்சுக்காரி அடிப்பதை நிறுத்திவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அகராதி தண்ணீர் குடித்தார். பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டு பேசினார். "அம்மா, மக்கள் இறங்குகிறார்கள் என்பதற்காக ஓர் இடம் நிலையமாகிவிடாது. மக்களை நம்பி எதையும் வரையறுக்க முடியாது. அவர்களுக்குத் தேவைகள் இருக்கின்றன. ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்கு வேலை. தேவை உள்ளவர்கள் பாரபட்சமானவர்கள். இந்த நிறுவனத்திலேயே எந்தத் தேவையும் இல்லாமல் ரயிலைப் பற்றிச் சிந்திப்பது இந்த ஒரு மாடிதான். அதைக் குலைக்கப் பார்க்கிறீர்கள்."

"நான் நிறுத்தலைன்னு சொல்லலையே சார்," என்றாள் மெத்தை. "நிறுத்தினேன். நாலு தடவை. கவட்டை நிலையத்துல. அப்படி எழுதுங்க, இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன்."

அவர்கள் எழுதவில்லை. எழுதினால் நான்காவது மாடியே கவட்டையை நிலையம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விசாரணையை ஒத்திவைத்தார்கள். மெத்தை நிதானமாகத்தான் அறையை விட்டு வந்தாள். மாடிப்படியில் ஒரு திருப்பம் இறங்கியதும் படியிலேயே உட்கார்ந்தாள். வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

மறுநாள் காலை மைதான வண்டியை எடுத்துக்கொண்டு போன கடிகாரம் கவட்டையில் நின்றார். கட்டுப்பாட்டு அறை காரணம் கேட்டதற்கு, "ஆறு நாற்பத்தொன்றுக்கு வந்து, ஆறு நாற்பத்திரண்டுக்குப் புறப்படுகிறேன். குறித்துக்கொள்ளவும்," என்று மட்டும் சொன்னார். அதற்கு அடுத்த வண்டியும் நின்றது. வார முடிவில் முப்பத்தொரு ஓட்டுநர்களுக்குக் குற்றப்பத்திரிகை தயாரானது. முப்பத்தொன்றிலும் ஒரே கோடு காலியாக இருந்தது. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

எல்லாரையும் தண்டித்தால் ரயில் ஓடாது என்பதை யாரோ அகராதிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ரயில் ஓடாவிட்டால் வரையறுக்க ஒன்றும் இருக்காது என்ற அளவில் அவருக்கும் அது புரிந்தது. ஆகவே தொடங்கி வைத்தவளை மட்டும் தண்டிப்பது என்று முடிவானது. மெத்தையைப் பணிமனைக்கு மாற்றினார்கள். அங்கே ஆளில்லாத வண்டிகளைக் கழுவும் கொட்டகைக்கு ஓட்டிப்போய், கழுவியதும் திரும்ப ஓட்டிவர வேண்டும். நடக்கிற வேகம்தான். எவ்வளவு மெத்தென்று நிறுத்தினாலும் உள்ளே தேநீரோடு நிற்க யாரும் கிடையாது. 'நிலையம் அல்லாத இடத்தில் நிறுத்தியது என் தவறு' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அடுத்த நாளே பழைய வேலைக்கு வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இந்த முறை கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஒரு வரிதானே. எழுதிக் குடுத்துட்டு வந்துடேன். நீ அந்தக் கொட்டகைல கஷ்டப்படுறதை என்னால பார்க்க முடியலை."

"ஒரு வரிதான். ஆனா அது பொய். நான் நிலையத்துலதான் நிறுத்தினேன்," என்றாள் மெத்தை.

நாத்தனார் தைலப் புட்டியை மூடினாள். "எனக்காகவா நிறுத்தின?" என்று கேட்டாள்.

"முதல் தடவை உங்களுக்காக. மத்த மூணும் எனக்காக."

"சரி," என்றாள் நாத்தனார். தம்பி பக்கம் திரும்பினாள். "அவ எழுதிக் குடுக்கக் கூடாது. நீ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

கடிதம் போகவில்லை. மெத்தை ஒவ்வொரு நாளும் பணிமனைக்குப் போய் வந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. காலி வண்டியை ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கிற வெறுமை அவளை என்னவோ செய்தது. சில நாள் கண் கலங்கியது. ஆனால் மனதைத் துருவிப் பார்த்தபோது, அந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் எங்கும் தட்டுப்படவில்லை.

கவட்டையில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நான்காவது மாடி அதைத் தடுக்க வழி தெரியாமல், அதைப் பதிவு செய்ய முடிவெடுத்தது. 'பிறழ்வுப் பதிவேடு' என்று தடித்த நோட்டு ஒன்று அச்சடிக்கப்பட்டது. தினமும் ஓர் அதிகாரி காலை முதல் மாலை வரை கவட்டையில் இருந்து, எந்தெந்த வண்டி விதியை மீறி நிற்கிறது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். வேலை டேப்புக்கு வந்தது. ஜீப் கேட்டார். ஜீப் ஆய்வுக்குத்தான், இது பதிவு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில், பணிமனைக்குப் போவதற்காக ஆறு இருபது வண்டியில் நின்றுகொண்டிருந்த மெத்தை, கதவோரத்தில் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தவித்த ஓர் ஆளைப் பார்த்தாள். நெரிசலில் டேப்பின் கண்ணாடி கோணலாகியிருந்தது. பணிமனையின் நீலக் கோட் போட்டிருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வண்டியில் போகிற யாரோ ஓர் அம்மா என்று நினைத்து, கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த வண்டி கவட்டைல நிக்கும்ல?"

மெத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நிக்கும். இடது பக்கம் கதவு. முன்னாடியே வந்து நின்னுக்குங்க, கூட்டம் ஜாஸ்தியா இறங்கும்."

"சாயங்காலம் திரும்பிப் போறதுக்கு?"

"அஞ்சு பத்துக்கு ஒண்ணு நிக்கும். அதை விட்டுட்டீங்கன்னா அஞ்சு இருபத்தஞ்சுக்கு ஒண்ணு," என்றாள் மெத்தை. "ரெண்டையும் மறக்காம எழுதிக்குங்க."